கடையில் நிற்கும் நேரம் யாருக்குரியது?

சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தபின் இதை எழுதுகிறேன். யாங்கோனில் ஒரு மொத்த மளிகைக் கடையில் காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணிவரை வேலை செய்கிறீர்கள். வீட்டில் நோயுற்ற தாயும் படிக்கிற தம்பியும் இருக்கிறார்கள். மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் சமைத்து முடித்துப் படுத்தால், ஜெபத்துக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். அண்மையில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில், வாழ்வு முழுவதையும் கர்த்தருக்குக் கொடுப்பவர்கள் கையை உயர்த்தும்படி பிரசங்கியார் கேட்டபோது நீங்களும் உயர்த்தினீர்கள். அன்றுமுதல், பத்து நிமிடம் தேவனுக்கும் மீதி நேரம் உலகத்துக்குமாக வாழ்கிறோமே என்ற குற்ற உணர்வு உங்களை வாட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் கொடுத்த வாக்கு நிறைவேறுமா என்று கேட்கிறீர்கள். பௌத்தரான முதலாளி காலையில் பிக்குகளுக்கு இடும் அன்னத்தை எடுத்துவைத்துப் பாத்திரத்தில் இடும் பொறுப்பு உங்களுடையதாக இருப்பதால், அது பாவமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முழுநேர ஊழியத்தைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனத்தை அரிப்பது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: கடையில் நிற்கும் அந்தப் பதினொரு மணி நேரத்தைத் தேவன் தமக்குரியதாக ஏற்றுக்கொள்கிறாரா என்பதே அது.

நான் வேதாகமக் கல்லூரியில் மூன்றாண்டு படித்து, பின்பு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாங்கோனிலும் பாகோ பக்கத்துக் கிராமங்களிலும் தமிழ்ச் சபைகளில் போதகராக இருந்தவன். சபை தரும் சம்பளம் போதாத ஆரம்ப ஆண்டுகளில் ஓர் அரிசிக் கடையில் கணக்கு எழுதினேன். என் மனைவி வீட்டு வாசலில் இட்லியும் தோசையும் சுட்டு விற்றார். ஆகவே வேதத்திலிருந்து சொல்வதை நான் படித்தவனாகச் சொல்கிறேன். கடையைப் பற்றிச் சொல்வதைக் கடையில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன். எது உறுதி, எது என் கருத்து மட்டும் என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். முழு வாழ்வையும் ஒப்புக்கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரோமர் 12:1-ஐ எடுத்துக்கொள்வார்கள். "உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்" என்று பவுல் அங்கே வேண்டிக்கொண்டு, "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை" என்று முடிக்கிறார். ஆத்துமாவை என்றோ ஓய்வு நேரத்தை என்றோ எழுதாமல் சரீரங்களை என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பதினொரு மணி நேரம் நின்று வீங்கும் கால்களும், மிளகாய் மூட்டையைப் பிரித்து எரியும் கைகளும் அந்தச் சரீரத்தில் சேர்ந்தவைதான். பலிபீடத்தில் வைக்கப்பட்ட பலியில் பத்து நிமிடப் பங்கு என்று ஒன்று இல்லை. வைத்தால் முழுவதையும் வைப்பதுதான் சர்வாங்க தகனபலி. கையை உயர்த்தின அந்த மாலையில் நீங்கள் கர்த்தருக்குக் கொடுத்தது உங்களை என்றால், அந்த நாளுக்கு அடுத்த காலை கடைக்குப் போனதும் கொடுக்கப்பட்ட அந்தச் சரீரமே. எனவே நீங்கள் எந்த வாக்கையும் மீறிக்கொண்டிருக்கவில்லை. இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

எபிரெய மொழியில் ஒரு வினைச்சொல் உண்டு; 'அபாத்' என்பது அது. ஆதியாகமம் 2:15-இல் ஏதேன் தோட்டத்தை ஆதாம் "பண்படுத்த" வைக்கப்பட்டான் என்று நம் தமிழ் வேதாகமத்தில் படிக்கிறோமே, அங்கே இருப்பது அந்தச் சொல். எண்ணாகமம் 3-ஆம் அதிகாரத்தில் லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தில் செய்யும் பணிவிடைக்கும் அதே சொல். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரைச் செங்கல் வேலையில் கொடுமையாய் வேலைவாங்கினார்கள் என்ற இடத்திலும் அதுவே வருகிறது; பின்பு ஏழாம் அதிகாரத்தில் கர்த்தர் பார்வோனிடம், "எனக்கு ஆராதனைசெய்ய என் ஜனங்களை அனுப்பிவிடவேண்டும்" என்று சொல்லும்போதும் அதுவே வருகிறது. தமிழில் இவை பண்படுத்துதல், பணிவிடை, வேலைவாங்குதல், ஆராதனை என்று நான்கு சொற்களாகப் பிரிந்துவிட்டதால், இவற்றுக்கிடையே உள்ள உறவு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மூலத்தில் தோட்ட வேலையும் ஆலய வேலையும் அடிமை வேலையும் ஆராதனையும் ஒரே சொல்லுக்குள் நிற்கின்றன. யாருக்காக, யாருடைய கீழ் செய்யப்படுகிறது என்பதே அவற்றைப் பிரிக்கிறது. ஏதேன் தோட்டமே ஒரு முதல் ஆலயம், ஆதாமே முதல் ஆசாரியன் என்றுகூடச் சில வேத அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அது அழகான கருத்து. ஆனால் ஒரு சொல்லின் ஒற்றுமையை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக நான் துணியமாட்டேன். நமக்குத் தேவையானது அதைவிட எளியது: வேலையையும் ஆராதனையையும் எதிரெதிரே நிறுத்துவது வேதத்தின் பழக்கம் அல்ல.

சகரியாவின் கடைசி வசனங்களை இன்றிரவு ஒருமுறை வாசியுங்கள். யாத்திராகமம் 28-இல் பிரதான ஆசாரியனின் நெற்றியில் கட்டப்பட்ட பசும்பொன் பட்டத்தில் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டப்பட்டிருந்தது. வரப்போகும் நாளில் அதே எழுத்து குதிரைகளின் மணிகளில் இருக்கும் என்றும், எருசலேமிலும் யூதாவிலுமுள்ள எல்லாப் பானைகளும் சேனைகளின் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்கும் என்றும் சகரியா காண்கிறார். குதிரை யுத்தத்துக்கும் சுமைக்கும் உரிய மிருகம். பானை அடுப்படியில் கரி பிடிப்பது. ஆசாரியனின் நெற்றியிலிருந்த எழுத்து அவற்றின்மேல் வந்து அமர்கிறது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் மடத்துச் சகோதரருக்கு ஒழுங்குகள் எழுதிய பெனடிக்ட், மடத்தின் பண்டகசாலையைக் காக்கிறவன் அங்குள்ள எல்லாப் பாத்திரங்களையும் தட்டுமுட்டுகளையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப்போல எண்ணவேண்டும் என்று விதித்தார். சரக்கறையைக் காக்கும் ஒருவனுக்குச் சொல்லப்பட்ட அந்த விதி, மளிகைக் கடையில் வேலை செய்யும் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். அதற்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து, துறவியின் வேலை, வயலில் உழைக்கும் குடியானவனின் வேலையைவிடவோ வீட்டைப் பார்க்கும் பெண்ணின் வேலையைவிடவோ தேவனுடைய பார்வையில் ஒரு அணுவளவும் உயர்ந்ததல்ல என்று 1520-இல் லூத்தர் எழுதினார். ஒருவர் துறவு மடங்களைக் கட்டியவர். மற்றவர் அவற்றை எதிர்த்தவர். இந்த ஒரு காரியத்தில் இருவரின் சாட்சியும் ஒத்துப்போகிறது.

நாம் வாழும் இந்த நாட்டிலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. நம் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது. 1813-இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டபோது அன்றைய தலைநகரான ஆவாவில் சிறையிடப்பட்டார். பர்மிய மொழியில் அவர் மொழிபெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் அம்மையார் முதலில் வீட்டின் கீழே மண்ணில் புதைத்து வைத்தார். மழைக்காலத்து ஈரத்தில் அது கெட்டுப்போகும் என்று கண்டபோது, அதை எடுத்துப் பஞ்சுக்குள் வைத்து ஒரு தலையணையாகத் தைத்தார். எவருக்கும் பறித்துக்கொள்ள மனம் வராதபடி கரடுமுரடாகவும் கெட்டியாகவும் தைத்துச் சிறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிற்பாடு கைதிகள் வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டபோது தலையணை தூக்கி எறியப்பட்டது. மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி, தன் ஆசிரியரின் நினைவாக இருக்கட்டும் என்று அந்தப் பஞ்சுச் சுருளை வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. பல மாதங்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது பிரதி சேதமில்லாமல் இருந்தது. ஜட்சன் 1834-இல் மோல்மேனில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். இன்றும் பர்மியச் சபைகள் பலவற்றில் அது வாசிக்கப்படுகிறது. ஊசியும் நூலும் பஞ்சும் கொண்டு ஒரு பெண் செய்த தையல் வேலையை அந்த வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாத் தலையணைக்குள்ளும் வேதாகமம் இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் பெரும்பாலான நாள்களில் பருப்பும் மிளகாயும் மட்டுமே இருக்கும். அந்த நாள்களும் கர்த்தருடையவை.

இனி, கடை. "கர்த்தருக்கென்று வேலை செய்" என்றால் வேலையின் நடுவே பாட்டு முணுமுணுப்பதும் கல்லாப்பெட்டியின் மேல் வசன அட்டை ஒட்டுவதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை தவறல்ல; ஆனால் வேதம் முதலில் கை வைப்பது தராசில். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்பது நீதிமொழிகள் 11:1. நம் கடைகளில் இன்றும் வீசைக் கணக்கில்தான் நிறுக்கிறோம். பர்மியர் பெய்தா என்று சொல்லும் அந்த எடை ஏறத்தாழ 1.63 கிலோ, அதற்கு ஆங்கிலேயர் எழுதிவைத்த 'விஸ்' என்ற பெயர் நம் தமிழ் வீசையிலிருந்து போனது. நூற்றில் இரண்டு பங்கு குறைந்தால் வாங்குகிறவருக்குத் தெரியாது. நாள் முழுவதும் குறைந்தால் முதலாளிக்கு நல்ல இலாபம். நான் கணக்கு எழுதிய கடையில் ஈர அரிசியைக் காய்ந்த அரிசியோடு கலந்து நிறுப்பார்கள். அதை நான் கண்டும் காணாமல் பல மாதம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தேன். என் மனைவிதான் ஒரு நாள், "அந்த அரிசியை வாங்குகிறவர்கள் நம் சபைக்காரர்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள், அல்லவா?" என்று கேட்டார். மறுநாள் முதலாளியிடம் பேசினேன், அவர் கேட்கவில்லை, மாத முடிவில் நான் விலகினேன். அவ்வளவு எளிதாக விலக எனக்கு முடிந்ததற்குக் காரணம், தோசைக்கல் வீட்டில் சூடாக இருந்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லாமல் இருக்கலாம். ஆகவே இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் கையால் எடையைக் குறைக்கக் கூடாது என்பது உறுதி, பிறர் குறைக்கும் கடையில் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதற்கு என்னால் எல்லாருக்கும் பொருந்தும் விதி தர முடியாது.

கொலோசெயர் 3:23-ஐயும் கூட்டத்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்: "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். முந்தின வசனத்தில் பவுல் விளிப்பது அடிமைகளை. அவர்கள் செய்த வேலைக்குப் புகழும் இல்லை, தெரிந்தெடுக்கும் உரிமையும் இல்லை. அந்த வேலையையும் கர்த்தர் தமக்கென்று பெற்றுக்கொள்கிறார் என்பதே அங்குள்ள ஆறுதல். ஆனால் இந்த வசனத்தைக் காட்டி, கூலி குறைந்தாலும் வாய் திறவாதே என்று போதிக்கிறவர்கள், அதே நிருபத்தில் 4:1-இல் எஜமான்கள் "நீதியும் செவ்வையுமானதை" வேலைக்காரருக்குச் செய்யவேண்டும் என்று எழுதியிருப்பதையும், பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வதையும், சுயாதீனனாகக் கூடுமானால் அதை நலமென்று எண்ணிக்கொள் என்று 1 கொரிந்தியர் 7:21 சொல்வதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நம் முன்னோரில் பலர் மேஸ்திரிமாரிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனுக்குக் கட்டுப்பட்டு இந்த நாட்டில் உழைத்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பார்வோனின் செங்கல் வேலையை ஆராதனை என்று நான் ஒருநாளும் பிரசங்கிக்கமாட்டேன். எகிப்திலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவந்த கர்த்தர், அவர்களுக்கு ஓய்வுநாளைக் கொடுத்தபோது, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று உபாகமம் 5-இல் காரணம் சொல்கிறார். எஜமான் மாறியதற்கு அடையாளமாக வந்தது ஓய்வு. ஆகவே கூடுதல் சம்பளம் கேட்பதும், நல்ல வேலை கிடைத்தால் மாறுவதும், விடுமுறை கேட்பதும் உங்கள் ஒப்புக்கொடுத்தலைக் குறைக்காது.

இதோடு சேர்ந்தது உறக்கம். பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்க நடு இரவில் எழுந்து ஜெபிக்க முயன்றதாகவும், மறுநாள் கடையில் தலைசுற்றி விழுந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். விடியற்காலமே எழுந்து நேரங்கழித்துப் படுத்து வருத்தத்தின் அப்பத்தைத் தின்பது விருதா என்றும், "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்றும் 127-ஆம் சங்கீதம் சொல்கிறது. சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் என்று சாகக் கேட்ட எலியாவுக்குக் கர்த்தருடைய தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான். இரவு முழுதும் விழித்து ஜெபிப்பதற்கென்று சிலர் அழைக்கப்படுவதை நான் மறுக்கவில்லை. நின்று உழைக்கிற ஒரு பெண்ணின் உறக்கத்தைத் திருடி அதைக் காணிக்கை என்று சொல்வதை மறுக்கிறேன்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். "என் வேலையே என் ஜெபம்" என்று சொல்லத் தொடங்கிய நல்லவர்கள் பலரை நான் சபையில் பார்த்திருக்கிறேன். ஓரிரு ஆண்டுகளில் வேலை மட்டும் மிஞ்சி ஜெபம் காணாமல் போயிற்று. மார்த்தாளின் சமையலைக் கர்த்தர் குறை சொல்லவில்லை, அவள் கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் சொன்னார் என்பது சரி. ஆனாலும் மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்ததை நல்ல பங்கு என்று அவர் சொன்னது சொன்னதுதான். எனவே உங்கள் பத்து நிமிடம் குறைவென்று வெட்கப்படவேண்டாம்; அதை வேறெதற்கும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். மீதி நாளுக்கு, நெகேமியாவைப் பாருங்கள். ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாக நின்றவன். நீ கேட்கிற காரியம் என்ன என்று ராஜா கேட்டதற்கும் அவன் பதில் சொன்னதற்கும் இடையில், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்று எழுதியிருக்கிறது. ஒரு மூச்சளவு நேரம் இருந்திருக்கும். எகிப்திய வனாந்தரத்துத் துறவிகள் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக, அம்பு எய்வதுபோல ஜெபித்தார்கள் என்று அகுஸ்தீன் ஒரு விதவைக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நீண்டு இழுக்கும் ஜெபத்தில் மனத்தின் கூர்மை மழுங்கும் என்பது அதற்குக் காரணம். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த, அல்லது அதை ஒட்டிய காலத்து ஒரு சபை ஒழுங்குநூல் கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. பேருந்தில் ஒருமுறை, மதியச் சோற்றுக்கு முன் ஒருமுறை, கதவைப் பூட்டும்போது ஒருமுறை என்று வைத்தால் உங்களுக்கும் அது முடியும்.

இந்த விஷயத்தில் பலரும் எடுத்துக்காட்டும் ஒருவர், பாரிஸ் நகரில் கார்மேல் மடத்துச் சமையலறையில் பல ஆண்டு வேலை செய்து 1691-இல் இறந்த சகோதரர் லாரன்ஸ். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காதது. அந்தப் பானைகளின் நடுவே தேவசமுகத்தை உணரப் பழகிக்கொண்டார். அவரை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆயினும், அவருக்கு வாடகைக் கவலை இல்லை, தம்பியின் படிப்புச் செலவு இல்லை, தாய்க்கு மருந்து தேடும் அலைச்சல் இல்லை. மணி அடித்தால் எல்லாரும் ஜெபத்துக்கு எழுந்தார்கள். அவருடைய அமைதி உங்களுக்கு உடனே வராவிட்டால் உங்களிடம் குறை இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நாள்கள் கடையில் தேவனை ஒருமுறைகூட நினைக்காமல் கழிந்திருக்கும். தாயின் மருந்துக்காக உழைக்கிற மகள், ஒவ்வொரு நிமிடமும் தாயை நினைத்துக்கொண்டா உழைக்கிறாள்? நினையாத நிமிடத்திலும் அந்த உழைப்பு தாய்க்குரியதுதான். இந்த ஒப்புமைக்கு வசனம் காட்ட எனக்கு இயலாது. என் அனுபவத்தில் அது உண்மையாயிருக்கிறது.

முழுநேர ஊழியத்தைப் பற்றி. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது. ஆகவே அப்படி வேறுபிரிக்கப்பட்டவர்கள் உண்டு. அதை எழுதிய பவுலே கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணினார். ஆகவே கைத்தொழில் ஊழியத்துக்குத் தடையும் அல்ல. இரண்டும் உறுதி. உங்களுக்கு எது என்பதை ஒரு கேள்வியைப் படித்துவிட்டு நான் சொல்லக் கூடாது. ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன் நான். பாகோ பக்கத்தில் ஒரு கிராமத்தில் அரிசி ஆலையில் வேலை செய்த வாலிபன், உங்களைப்போலவே ஒரு கூட்டத்துக்குப் பின் என்னிடம் வந்தான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. கலப்பையின்மேல் கை வைத்தவன் பின்னிட்டுப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். வேலையை விட்டான், வீடு கடனில் விழுந்தது, தங்கையின் படிப்பு நின்றது. இரண்டு ஆண்டுக்குப் பின் அதே ஆலைக்குக் குனிந்த தலையோடு திரும்பினான். சில காலம் ஆலயத்துக்கே வரவில்லை. பிழை என்னுடையது. மாற்கு 7-இல் இயேசு கண்டிக்கிற கொர்பான் வழக்கம் அன்று என் நினைவுக்கு வந்திருக்கவேண்டும்: பெற்றோருக்குச் செய்யவேண்டியதை, தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழிப்பது அது. தேவனுக்குக் கொடுத்ததால் தாய்க்குக் கொடுக்க முடியவில்லை என்ற கணக்கை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வது அதைவிடக் கடுமையானது. அப்போஸ்தலர் 13-இல் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னது அந்தியோகியா சபையாருக்கு. அழைப்பு என்பது கூட இருக்கிறவர்களும் கேட்கக் கூடிய குரல். ஆகவே உங்கள் போதகரோடும், உங்கள் தாயோடும், உங்களை நெடுநாள் அறிந்த இரண்டு பேரோடும் பேசுங்கள். தம்பி படிப்பை முடிக்கும்வரை பொறுத்திருங்கள் என்பது என் ஆலோசனை; மெய்யான அழைப்பு இரண்டு ஆண்டு காத்திருப்பதால் அவிந்துபோவதை நான் கண்டதில்லை. இது ஆலோசனை மட்டுமே, கட்டளையாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

பிக்குகளுக்கு அன்னம் இடும் காரியத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கற்றறிந்த தேவபக்தர்கள் வேறுபடும் இடம் அது. எகிப்திலும் பாபிலோனிலும் வேலை செய்த விசுவாசிகள் நமக்கு முன்னே இருக்கிறார்கள். எனினும் இதற்கு மிகவும் நெருங்கியது 2 இராஜாக்கள் 5-இல் சீரியப் படைத்தலைவன் நாகமான் கேட்டது. என் ஆண்டவனாகிய ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கையின்மேல் சாய்வாரே, நானும் குனியவேண்டி வருமே, கர்த்தர் இதை எனக்கு மன்னிப்பாராக என்று அவன் சொன்னான். எலிசா விளக்கமும் தரவில்லை, தடையும் போடவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். அந்தப் பதில் முழு அனுமதியா, புதிய விசுவாசியின் பலவீனத்தைப் பொறுத்துக்கொண்டதா என்பதில் விளக்கவுரையாளர்கள் ஒத்துப்போவதில்லை. என் கருத்து இது: முதலாளியின் சோற்றை முதலாளியின் பெயரால் பசித்த மனிதருக்குக் கரண்டியில் எடுத்து இடுவது வேலைக்காரியின் வேலை, கடையின் பூஜைத் தட்டுக்கு முன் கைகூப்பி வணங்குவது வேறு காரியம், அதை நீங்கள் செய்யக் கூடாது. முதலாவதில் ஒரு விசுவாசிக்கு இடமுண்டு, இரண்டாவதில் இல்லை. ஆனால் என் கருத்தை வைத்து உங்கள் மனச்சாட்சியை அடக்கிவிடாதீர்கள். "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று ரோமர் 14:23 சொல்வதால், கரண்டியைத் தொடும்போதெல்லாம் உள்ளம் குத்துமானால், நான் சரி என்று சொன்னதால் மட்டும் அது உங்களுக்குச் சரியாகிவிடாது. அப்படியானால் முதலாளியிடம் பேசுங்கள். வாடிக்கையாளர் முன்னிலையில் வேண்டாம். மதியம் கடை ஓய்ந்திருக்கும் வேளையில், சயா என்று மரியாதையாக அழைத்து, உங்கள் தர்மத்தை நான் குறைவாக எண்ணவில்லை, என் விசுவாசத்தினால் இந்த ஒன்றை மட்டும் வேறொருவர் செய்ய அனுமதியுங்கள், அதற்குப் பதிலாக நான் காலையில் அரை மணி முன்னே வந்து கடை பெருக்குகிறேன் என்று பர்மிய மொழியில் சொல்லிப்பாருங்கள். இந்த நாட்டுப் பௌத்த முதலாளிமார் பலரிடம் நான் அப்படிக் கேட்டிருக்கிறேன், பிறருக்காகவும் கேட்டிருக்கிறேன். மறுத்தவர்களைவிட ஒத்துக்கொண்டவர்களே அதிகம். அவர் மறுத்தால் மறுபடியும் எழுதுங்கள். உங்கள் போதகரிடம் பேச உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அவருக்கு நானே எழுதுகிறேன்.